ஒரு வருடம் மாறாத அட்டவணை

தொழிற்சாலைப் பேருந்து நிற்கையில் ஏர் பிரேக் சீறும். அந்தச் சீறல் காதில் விழுந்தால் இன்றும் செல்வியின் முகம் எதிரே வந்து நிற்கிறது.

தம்போய் நகரில், பிறருடைய இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்தும் ஒரு சிறிய வெப் ஹோஸ்டிங் நிறுவனம். சர்வர் என் பொறுப்பு. வாடிக்கையாளர்களின் பக்கங்கள் செல்வியின் பொறுப்பு. பாலோ என்ற சிற்றூரிலிருந்து வந்தவள், வேலை நிரந்தரமாக ஒரு வாரமே இருந்தது.

தளங்கள் மெதுவாகத் திறக்கின்றன என்று முதலாளி நச்சரித்ததால் நான் ஒரு செட்டிங் போட்டேன். ஒருமுறை இறக்கிய படத்தை பிரவுசர் ஒரு வருடம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். இதுதான் கேச். அந்த ஒரு வருடமும், புதிது உண்டா என்று சர்வரைக் கேட்காது. படம் மாறினால் கோப்பின் பெயரும் மாற வேண்டும். புதுப் பெயரைக் கண்டால்தான் மறுபடி இறக்கும். இதை நான் செல்வியிடம் சொல்லவில்லை.

தொழிற்சாலைப் பேருந்துகளை ஓட்டும் ஒரு நிறுவனம் தன் நேரத்தை அரைமணி முன்னதாக மாற்றியது. அட்டவணை ஒரு படம். எங்கள் வழக்கப்படி பழைய பெயரிலேயே செல்வி புதுப் படத்தை ஏற்றினாள். சர்வரிலும் அப்படி ஒரு கேச் உண்டு; அதைத் துடைத்தாள். பயணிகளின் போனுக்குள் இருப்பதை யார் துடைப்பது? சோதனைக்காக எங்கள் கணினிகளில் கேச்சை அணைத்தே வைத்திருப்போம். அவள் திரையில் புது நேரம்; ஊரார் போனில் பழையது.

மறுநாள் பேருந்துக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

"அலமாக்! ஆயர் ஈத்தாம் ஸ்டாப்புல பாதிப் பேர ஏத்தாமலே பஸ் போயிருச்சு லா! மாத்தியாச்சுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார். இங்க பாருங்க, புதுசுதான் காட்டுது." செல்வி தன் திரையைக் காட்டினாள்.

அவர் தன் போனை நீட்டினார். "அப்ப இது என்ன? என் கண்ணு கெட்டுப்போச்சா?"

முதலாளி என்னைப் பார்த்தார். "என்னப்பா, சர்வர்ல பிரச்சினையா?"

"சர்வர் ஓகே, பாஸ்."

அந்த மூன்று சொல்லில் அவள் வேலை போயிற்று. பிறகு படத்துக்குப் புதுப் பெயர் வைத்து, பக்கத்திலும் அதை மாற்றினேன். எல்லாப் போனிலும் சரியான நேரம் வந்தது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

இத்தொழிலுக்கு வருகிறவர்களே, செட்டிங் போட்டால் அன்றே சொல்லிவிடுங்கள். தவறினால், கேட்கும்போதாவது வாய் திறவுங்கள்.

மாலையில் செல்வி பையோடு படியிறங்கினாள். பின்னாலேயே போனேன். அவளே திரும்பினாள்.

"அந்த செட்டிங்க தேடிப் பார்த்தேன், அண்ணே. போட்டது நீங்கன்னு பேரோட இருந்துச்சு. பயப்படாதீங்க, பாஸ்கிட்ட சொல்லல. எனக்கு அடுத்து வர்றவங்ககிட்டயாவது சொல்லிடுங்க."