தொட்டில் வரை கேட்ட சத்தம்

மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த அப்பா, திரும்பிப் போகுமுன் அக்காவுக்கு ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். குடவாசலில் அதுவரை ஏர்கன் வைத்திருந்தவர் திருவிழாவில் பலூன் சுடும் கடை போடுகிறவர் ஒருவர்தான். அக்காவும் கடை போடப் போகிறாள் என்று மூன்றாம் வகுப்பில் என் தோழிகளிடம் சொல்லி வைத்தேன். அவளோ துப்பாக்கி சுடும் போட்டியில் ஜெயித்து, அதைக் காட்டிக் கல்லூரியில் இடம் வாங்குவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

கொல்லைக் கொட்டகையில் சுடத் தொடங்கிய மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வந்துவிட்டார். அவர் மருமகள், பன்னிரண்டாவது பாதியில் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்டவள், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். "பட்டு பட்டுன்னு வெடிச்சா பச்சப்புள்ள எப்படிங்க தூங்கும்?" என்றார். அம்மா ஏர்கன்னை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"சத்தம் அங்க கேக்காம பண்ணிட்டா குடுப்பியாம்மா?"

அக்கா சாப்பாட்டில் கை வைக்காமல் கேட்டதால் அம்மா இறங்கி வந்தாள். சோதனை தொடங்கியது. என் வேலை, பக்கத்து வீட்டில் தொட்டிலருகே நின்று, சத்தம் கேட்டால் ஜன்னலில் கையைத் தூக்குவது.

முதலில் குறிபார்க்கும் அட்டைக்குப் பின்னாலிருந்த தகரத்தை எடுத்துவிட்டு வைக்கோல் அடைத்த பெட்டியை வைத்தாள். 'டங்' போயிற்று, குழல்வாயிலிருந்து வரும் 'பட்' போகவில்லை. குழல் நுனியில் ஈரச் சாக்கைச் சுற்றினாள். சத்தம் குறைந்தது, ஆனால் குண்டு அட்டையை விட்டு விலகிப் பூசணிக்கொடியில் பாய்ந்தது. "காத்துக்கு வழி விடாம அடைச்சா அது குண்டையே தட்டிவிடுதுடி" என்றாள் என்னிடம், கோபமே இல்லாமல்.

அப்பா கொண்டுவந்த டிவியின் அட்டைப்பெட்டியை எடுத்து, உள்ளே பழைய தலையணைப் பஞ்சை ஒட்டி, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டாள். குழல் நுனி பெட்டிக்குள் இருக்கும், எதிலும் படாது. ஓட்டையைச் சிறிதாக்கிப் பெரிதாக்கி நான்கு நாள் போராடினாள். குண்டு மறுபடி நடுவில் பட்டது. ஆனால் ஏர்கன்னின் வயிற்றில் ஸ்பிரிங் அடிக்கும் ஓசையை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசிச் சோதனைக்குப் பாட்டியம்மாவே தொட்டிலருகே வந்து உட்கார்ந்தார். மெல்ல ஒரு 'டப்' கேட்டது. குழந்தை கண் விழித்தது. நான் கையைத் தூக்குவதற்குள் மருமகள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணும் கேக்கலையே அத்தை," என்றாள், தொட்டிலை ஆட்டியபடி.

பாட்டியம்மா அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். "எனக்கும் கேக்கல. சுடச் சொல்லு," என்று எழுந்து போனார்.

அக்கா தஞ்சாவூரில் நடந்த போட்டியில் இரண்டாவதாக வந்தாள்; கல்லூரியிலும் இடம் கிடைத்தது. எனக்கோ பெரிய வருத்தம். பாட்டியம்மாவுக்கு வயசாகிவிட்டது, சரி. இவ்வளவு சின்ன வயதில் மருமகளுக்கும் காது போய்விட்டதே! அதன்பின் வெகுநாள் வரை அவளிடம் நான் உரக்கக் கத்தியே பேசினேன். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.