படகுக்கும் ஒரு கூறு

எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேருக்கு என் பெயர் மறந்துபோயிருக்கும். ‘அஞ்சில ரெண்டு’ என்றால் உடனே தெரியும். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் மச்சான், வீராம்பட்டினத்தில் இருந்த மாமாவின் மூத்த மகன். ஆறாம் வகுப்பில் பின்னம் வந்த புதிதில், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே கூட்டி, கீழே இருப்பதைக் கீழே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடிவிடுவேன். அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறைந்து போகுமா என்று அக்கா என் தலையில் குட்டுவாள். குட்டுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவளே அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் பாஸாகிவிட்டு, கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள்.

அவளுக்குப் பிடித்த சனி, விகிதமுறு கோவை. கோட்டுக்கு மேலேயும் எக்ஸ், கீழேயும் எக்ஸ் என்று கண்ணில் பட்டால் போதும், கை துறுதுறுக்கும். இரண்டையும் குறுக்கே கோடு கிழித்து அடித்துவிடுவாள். மேலே வெறும் எக்ஸ், கீழே எக்ஸும் ரெண்டும் கூட்டல் என்றிருந்தாலும் எக்ஸை அடித்துவிட்டு, விடை அரை என்பாள். பெருக்கலில் நிற்பதைத்தான் அடிக்கலாம், கூட்டலில் நிற்பதை அடிக்கக் கூடாது என்று டியூஷன் வாத்தியார் தொண்டை வறளக் கத்துவார். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் திட்டுவார். அர்த்தம் புரியாததால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாருக்கும் அது உறைத்ததில்லை. ஏன் கூடாது என்று அக்கா கேட்டால் மட்டும் தமிழுக்கு வந்து, “கூடாதுன்னா கூடாது” என்பார்.

அப்பா மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்தோடு கடல் தொழில் எங்கள் வீட்டில் முடிந்துவிட்டது. அதிகம் பேசமாட்டார், பேசினால் அது தீர்ப்பு. அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு வந்த அன்று சட்டையைக் கழற்றியபடியே சொன்னார்: “இந்த வாட்டியும் போச்சுன்னா படிப்பு போதும். வீராம்பட்டினத்துல கேட்டுக்கினே இருக்காங்க. குடுத்துடலாம்.”

வீராம்பட்டினம் என்றால் மச்சான். அக்காவுக்கோ நர்ஸ் டிரெயினிங் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து, அடிபடாத என் முழங்காலில் கட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். பாஸானால்தான் விண்ணப்பமே வாங்க முடியும். எனக்கோ வேறு கவலை. இவளைக் கட்டிக் கொடுத்துவிட்டால் எனக்குத் தலை பின்னுவது யார், நான் சண்டை போடுவது யாரோடு? அதனால் மச்சானைக் கண்டாலே எனக்கு ஆகாது. இன்றைக்கு வாய் நிறைய அவர் இவர் என்கிறேன். அன்றைக்கு மனசுக்குள் அவன் இவன்தான்.

ஆடியில் தேர் பார்க்க மாமா வீட்டுக்குப் போனோம். தேர் முடிந்த மறுநாள் காலை, படகு கரைக்கு வந்ததும் அக்காவும் நானும் வேடிக்கை பார்க்கப் போனோம். மாமா, மச்சான், இன்னும் இரண்டு பேர். நால்வரும் மீனை மணலில் கொட்டிக் கூறு பிரித்தார்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு கூறு. வந்ததே வாய்ப்பு என்று எனக்கு நாக்கு நமநமத்தது. நான்தான் பின்னம் படித்தவளாயிற்றே!

“நாலு பேரு போனீங்க, நாலு கூறுதானே வெக்கணும்? ஆளுக்குக் கால். ஆறு இன்னாத்துக்கு?” என்றேன், கரைக்கே கேட்கும்படி.

கரையே சிரித்தது. மாமாகூட வலையை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மச்சான்தான், “மில்லுக்காரர் பொண்ணு, அதுக்கு எப்படித் தெரியும்?” என்று சொல்லிவிட்டு, கூறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “இது படகுக்கு. இது வலைக்கு. மீதி நாலும் ஆளுங்களுக்கு. படகு இல்லாம நீ நடந்தா போயிடுவ? ஆளு கூடும், கொறையும். இது ரெண்டும் எப்பவும் நிக்கும்.”

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று அக்கா கையை இழுத்தால் அவள் வரவில்லை. அந்த ஆறு கூறுகளையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

“அஞ்சு பேரு போனா?” என்றாள். மச்சானை நேராகப் பார்த்து அவள் பேசியதே அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

“ஏழு கூறு” என்றார் அவர், கொஞ்சம் திகைத்துப்போய்.

“ஒரே ஒருத்தர் போனா?”

“மூணு. அவனுக்கு ஒண்ணு, படகுக்கும் வலைக்கும் ஒவ்வொண்ணு.”

“அப்ப ஆளுங்களுக்குப் பாதி மீனு எப்பக் கெடைக்கும்?”

மச்சான் விரல் விட்டுப் பார்த்தார். “ரெண்டு பேரு போனாத்தான். மத்தபடி பாதி வராது.”

அக்கா அப்படியே ஈரமணலில் உட்கார்ந்துவிட்டாள். விரலால் ஒரு கோடு போட்டு, மேலே எக்ஸ், கீழே எக்ஸ் கூட்டல் ரெண்டு என்று எழுதினாள். பழக்க தோஷத்தில் இரண்டு எக்ஸையும் அடித்தாள். அரை என்று எழுதப் போனவள், கையை எடுத்துவிட்டாள். “அய்யோ, எத்தினி பேரு போனாலும் பாதின்னு இல்ல சொல்லிக்கினு இருந்தேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டு, மணலை உள்ளங்கையால் அழித்தாள். “ஆளும் படகும் வலையும் சேந்துதாண்டி கீழ நிக்குது. அதுல ஆளை மட்டும் பிச்சி எடுக்க முடியாது.” சொல்லும்போதே அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வேறு. இவளுக்குத் தேர்க்கூட்டத்தில் ஏதோ பிடித்துக்கொண்டது என்றுதான் நான் பயந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாமே கூறுதான். என் பின்னத்துக்கும் விடிவு வந்தது. அம்மா பத்திரமாக வைத்திருந்த நீளமான வாளைக் கருவாட்டை அக்கா ஆறு துண்டாக வெட்டினாள். அரை என்றால் மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு துண்டு, துண்டு எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் சேர்த்து எண்ண முடியும், இப்போது எண்ணு என்றாள். ஆறில் ஐந்து! அன்றைக்கு எனக்கு மீச்சிறு பொது மடங்கு விளங்கியது. கருவாட்டுக்காக அம்மாவிடம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு, அத்தை கொடுத்தனுப்பியதாகச் சொல்லி எங்களுக்கும் கொஞ்சம் கொண்டுவருவார். முன்பெல்லாம் வாசலோடு கொடுத்துவிட்டுப் போய்விடுபவர், இப்போது சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, சீட்டைத் துடைத்துக்கொண்டே அக்காவுக்குக் கணக்குச் சொல்வார். “இன்னைக்கு வலை ரெண்டு, படகு ஒண்ணு, ஆளு எக்ஸு. எப்படிப் பிரிப்ப?” எட்டாம் வகுப்போடு நின்றவர் வாயில் அந்த எக்ஸு படாதபாடு படும். அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதுவாள். சில நாள் இரண்டு படகுக் கணக்கு வரும். அதற்கு அவருக்கே விடை தெரியாது. அக்கா போட்டு விளக்குவாள், அவர் தலையாட்டுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அக்கா உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டேவிட்டேன். “அக்கா ஃபெயிலானாத்தான் உனக்குக் கல்யாணம். அதுகூடத் தெரியாம கணக்குச் சொல்லிக்கினு இருக்கியே, மச்சான்?”

“தெரியும்” என்றார். சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். “நீ போயி குடிக்கத் தண்ணி எடுத்துக்கினு வா, அஞ்சில ரெண்டு.”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். வடிகட்டின அசடு என்று முடிவு கட்டினேன். கணக்குப் பரீட்சை அன்று பேய்மழை. பஸ்ஸைக் காணோம், அப்பா ஷிப்டில் இருந்தார். அக்கா அழுதுவிடுவாள் போலிருந்தது. அப்போது தலையில் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வந்து நின்றதும் அந்த அசடுதான். அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, தாளை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே மிதித்துப் போனார்.

ரிசல்ட் பார்க்க அப்பாவும் அக்காவும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்கு முன்பே மச்சான் ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் அக்கா முகம் தெருமுனையில் தெரிந்தது. பின்னால் வந்த அப்பாவின் நடையே மாறியிருந்தது. அவர் அந்தத் தெருவில் சிரித்துக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை. “பாஸு!” என்று அக்கா கத்தினாள். நான் குதித்தேன். குதித்துவிட்டு நேராக மச்சானிடம் போய், “அக்கா நர்ஸுக்குப் போவப் போது! உனக்கு ஒண்ணும் கெடையாது!” என்று நாக்கைத் துருத்திக் காட்டினேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. “அதான் வோணும்” என்றார்.

பிறகு அவரே வஞ்சிரத்தைத் துண்டு போட்டு, கரையில் செய்வதுபோல முறத்தில் கூறு வைத்தார். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அக்காவுக்கு, எனக்கு. நாலு கூறு. உன் கூறு எங்கே என்று அம்மா கேட்டதற்கு, “நா இந்தக் கணக்குல இல்லத்த” என்று கையைக் கழுவப் போனார். அக்கா தன் கூறில் சரிபாதியை எடுத்து ஓரமாக ஐந்தாவது கூறு ஒன்று வைத்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! “தப்பு! எங்களுக்கெல்லாம் கால். உங்க ரெண்டு பேருக்கு மட்டும் எட்டில ஒண்ணு எட்டில ஒண்ணா? அஞ்சு பேருன்னா மொதல்லேர்ந்து அஞ்சாப் பிரிக்கணும். பாஸாயிட்டு வந்தும் இந்தக் கணக்குகூடத் தெரியலியே உனக்கு!”

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் அக்காவைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். முதல்முதலாக ஒரு பின்னக் கணக்கை மனசாலேயே போட்டுச் சரியாகச் சொன்னதற்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, நானும் பெருமையோடு அவர்களுடன் சேர்ந்து சிரித்தேன்.