டாஷ்போட்டுக்குப் பின்னால் கிடந்தவை

கார் வயரிங் வேலை செய்கிறவனுக்கு உலகம் தலைகீழாகத்தான் தெரியும். நாளில் பாதி நேரம் அவன் கால்களைச் சீற்றின் மேல் போட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டு கிடப்பான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும், கிளிநொச்சியில் கண்டி வீதியோரக் கராஜ் ஒன்றில் நான் அப்படிக் கிடந்தேன். மீற்றர், லைற் சுவிச், வைப்பர் என்று எது மக்கர் பண்ணினாலும் அதைத் தொட முதலில் டாஷ்போட்டைக் கழற்ற வேண்டும். கழற்றுவது அரை மணி நேர வேலை. திருப்பிப் பூட்டுவதற்கு அந்த நாள் போதாது. வீட்டு றேடியோவை ஒருமுறையாவது கழற்றிப்போட்டு முழித்த அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மழைக்கு வலப்பக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் முள்ளியவளையிலிருந்து வயல் செய்கிற ஒரு கமக்காரர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். வலப்பக்க சிக்னல் போட்டால் வைப்பர் ஆடும். இரண்டு வருடமாக அப்படியே ஓட்டியிருக்கிறார். மழை வந்தால் வலப்பக்கம் திரும்புவாராம்.

யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே எல்லா வயரையும் ஒரே நிறத்தில் போட்டு வைத்திருந்தான். நான் காலையில் உள்ளே நுழைந்தவன், மத்தியானம் வரையில் வெளியே வரவில்லை. என் இரண்டு கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கமக்காரர் மூன்று பிளேன்ரீ குடித்து முடித்துவிட்டு, எங்கள் முதலாளி துரைசிங்கம் அண்ணையிடம் மெல்லப் போய்க் கேட்டது எனக்கு உள்ளேயே கேட்டது: "பெடியன்ரை கால் அசைஞ்சு கனநேரமாப் போச்சு. வீட்டுக்காரருக்கு அறிவிச்சனீங்களோ?"

முப்பதில் நின்ற முள்

நெடுங்கேணிக் கந்தையா அண்ணையின் வாடகைக் காரில் வேகம் காட்டும் முள் முப்பதில் நின்றுவிட்டது. கார் ஓடினாலும் முப்பது, நின்றாலும் முப்பது. நான் கை வைப்பதற்கு முன் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, டாஷ்போட்டின் மேல் ஒட்டியிருந்த பிள்ளையாரைத் தானே பெயர்த்தெடுத்தார். சால்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் ஒரு கதிரையில் இருந்துவிட்டார். என் ஒயில் கை சுவாமியில் படக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிடாமல் எந்த வாகனமும் அந்த வழியைத் தாண்டாது. டிரைவர் ஒரு பிடி திருநீறு கொண்டுவந்து தன் பிள்ளையாருக்கு முன்னால் போடுவார். சனம் கச்சான் கடலைப் பையோடு ஏறும். டாஷ்போட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே நீளமாக ஓர் இடுக்கு இருக்கிறது. மேலே போட்டதெல்லாம் அதற்குள்ளால் இறங்கிவிடும். கழற்றிப் பார்த்தால் கச்சான் கோது, கற்பூரத் துண்டு, ஊதுபத்திக் குச்சி, எல்லாவற்றுக்கும் மேலே விரற்கடைத் தடிப்பில் திருநீறு. மீற்றருக்குள்ளும் அதுதான். அள்ளி வெளியே கொட்டப்போனேன். கந்தையா அண்ணை, பிள்ளையாரும் கையுமாகப் பாய்ந்து வந்து மறித்தார். முறிகண்டித் திருநீற்றைக் கண்ட இடத்தில் கொட்டுவதா? அந்தக் குவியலுக்குள்ளேயே கிடந்த ஒரு மடித்த தாளை விரித்து, திருநீறு முழுவதையும் சரையாகச் சுற்றிக் கொடுத்தேன். அவருக்குச் சந்தோசம்.

மீற்றரைத் துடைத்துப் பூட்டி, வீதியில் ஒருதரம் ஓட்டிக் காட்டினேன். முள் ஒழுங்காக ஏறி இறங்கியது. அவர் முகம் வாடிவிட்டது. "முப்பதிலை நிண்டபடியாத்தான் தம்பி, நான் இவ்வளவு நாளும் பயமில்லாமல் ஓடினனான்."

காரைத் தெரியாது

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் கராஜ் வாசலில் வந்து நின்றார். பெயர் காமாட்சி. நாற்பது வயதிருக்கும். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் புருசனோடும் பிள்ளைகளோடும் வந்தவர். வாய்க்கால் முடிகிற இடத்தில் காட்டை வெட்டி, கிணறு தோண்டி, இரண்டு ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தார்கள். காணிக்குப் பெர்மிட் இல்லை. பெர்மிட் வேண்டுமென்றால் அரசாங்கம் காணி பிரித்துக் கொடுக்கிற காணிக் கச்சேரியில், குடியுரிமைக்கு அத்தாட்சியான பிரசாவுரிமைப் பத்திரத்தைக் காட்ட வேண்டும். பத்திரம் காணாமற்போய்விட்டது. கொழும்புக்கு எழுதி இன்னொன்று எடுப்பதற்குள் அந்தக் காணி வேறு யாருக்காவது போய்விடும்.

காணாமற்போன விதத்தையும் சொன்னார். போன வருடம் புளியங்குளத்தில் ஒரு வாடகைக் காரில் ஏறியிருக்கிறார். முறிகண்டியில் நிறுத்தியபோது, நல்லபடியாகக் காரியம் முடியவேண்டுமென்று பத்திரத்தை டாஷ்போட்டுப் பிள்ளையாரின் காலடியில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். கிளிநொச்சியில் பிள்ளைகளையும் மூட்டைகளையும் இறக்கிவிட்டுத் திரும்பினால் கார் போய்விட்டது. கிளிநொச்சி ஸ்டாண்டில் நின்ற எல்லாக் காரிலும் தேடியாயிற்று. கார்களைக் கழற்றுகிறவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறார். என்ன கார், என்ன நிறம் என்று கேட்டேன். "காரைப் பாத்தா எனக்கு அடையாளம் தெரியாதுங்க தம்பி. பிள்ளையாரைப் பாத்தாத் தெரியும். எடது காது ஒடைஞ்சிருக்கும்."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்தது. பிரேக் பார்க்க வந்த காருக்கும் டாஷ்போட்டைக் கழற்றினேன். ரயர் மாற்ற வந்தவரிடம், "உள்ளுக்கு ஒரு சத்தம் கேக்குதண்ணை" என்று புளுகினேன். ஒற்றைத் தோடு கிடைத்தது, பொய்ப்பல்லுக் கட்டு கிடைத்தது, ஐந்து எலிக்குஞ்சு கிடைத்தது. பத்திரம் மட்டும் இல்லை. காமாட்சியக்கா வெள்ளிக்கிழமை தோறும் வருவார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் கேட்காமல் போய்விடுவார். கேட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னுமொரு காரைக் காரணமில்லாமல் கழற்றினால் வேலை போய்விடும் என்று துரைசிங்கம் அண்ணை எச்சரித்த அடுத்த நாள், ஒரு வாத்தியார் ஹோர்ண் அடிக்கவில்லையென்று வந்தார். ரீ குடிக்கப் போய்த் திரும்பியவர், டாஷ்போட் முழுவதும் நிலத்தில் கிடப்பதைப் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, ஹோர்ண் முன்னுக்கு, பொனற்றுக்குள்ளையெல்லோ இருக்கு. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான்."

பின் சீற்றில் டாஷ்போட்

காணிக் கச்சேரி ஒரு புதன்கிழமை என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்திய திங்களன்று கந்தையா அண்ணை வந்தார். முள் மறுபடி நின்றுவிட்டதாம், இந்தமுறை நாற்பதில். பிள்ளையாரைப் பெயர்க்க அவர் கையை நீட்டியபோதுதான் நான் முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தேன். இடது காது இல்லை. முன்பு ஒருநாள் எருமை குறுக்கே வந்து பிரேக் அடித்ததில் போனதாம்.

அவசர அவசரமாகக் கழற்றினேன். உள்ளே புதுத் திருநீறு மட்டும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பழைய திருநீறு நினைவுக்கு வந்தது. அதைச் சுற்றிய தாளும் வந்தது. ஊரிலுள்ள கார்களையெல்லாம் கழற்றித் தேடினேன். கையில் கிடைத்ததைச் சரை சுற்றிக் கொடுத்தவனும் நான்தான். "அண்ணை, அந்தச் சரை?" என்றேன். வீட்டில் மனிசியிடம் கொடுத்ததாகச் சொன்னார். பூட்ட நேரமில்லை. டாஷ்போட்டைப் பின் சீற்றில் போட்டு, தொங்குகிற வயர்களை ஒரு சணல் கயிற்றால் கட்டி, நெடுங்கேணிக்குப் புறப்பட்டோம். பிள்ளையார் என் மடியில். ஒயில் கைச் சட்டம் அன்றைக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. அந்த அவசரத்திலும் முறிகண்டியில் நிறுத்தினார். ஒரு பிடி திருநீற்றோடு வந்தவர், போடுவதற்கு டாஷ்போட் இல்லாததால் என் தலையில் போட்டார்.

கந்தையா அண்ணையின் மனைவி சரசக்கா, திருநீறு எப்போதோ தகரப் பேணிக்குள் போய்விட்டதென்றார். தாள்? நான் குசினி அடுப்பைப் பார்த்தேன். கந்தையா அண்ணையும் பார்த்தார். சரசக்கா பொறுமையாகச் சாமித்தட்டில் இருந்த பேணியைத் தூக்கி, அதன் அடியிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தார். காமாட்சியக்காவின் பெயர் அதில் இருந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சரசக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்: "திருநீறு சுத்தின தாளை ஆரும் எரிப்பினமோ? உங்களுக்கு ஒண்டும் தெரியாது."

கைநாட்டு

செவ்வாய்க்கிழமை சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காமாட்சியக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிளகாய்ப் பாத்தி வரம்பிலேயே உட்கார்ந்து அழுதார். "டாஷ்போட்டுக்குள்ளை கிடந்தது அக்கா" என்றேன். அது பொய்யல்ல, உண்மையில் பாதி. மீதிப் பாதியைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

பெர்மிட் கிடைத்த பிறகு ஒரு பை செத்தல் மிளகாயோடு கராஜுக்கு வந்தார். கச்சேரியில் நடந்ததைச் சொன்னார். உத்தியோகத்தர் பத்திரத்தை விரித்தபோது அவருடைய பைல்களிலெல்லாம் திருநீறு கொட்டியதாம். பத்திரத்தின் ஓரத்தில் ஒயில் படிந்த பெருவிரல் அடையாளம் ஒன்று. இது யாருடைய கைநாட்டு என்று கேட்டாராம். தெரிந்த பிள்ளையுடையது என்று இவர் சொன்னாராம். நான் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். தாளின் உள்பக்க மடிப்பில் திருநீறு இருந்ததையும், என் பெருவிரலையும் அவர் எப்போதோ பொருத்திப் பார்த்துவிட்டார். மிளகாய்ப் பையை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்: "பிள்ளையாரு பத்திரமாத்தாங்க வச்சிருந்தாரு. நீங்கதான் எடுத்துப் பொட்டலம் கட்டிட்டீங்க."

அதற்குப் பிறகு எந்த டாஷ்போட்டுக்குள் எந்தத் தாள் கிடந்தாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் அதில் கை துடைக்கிறேன்.