கல்லாவில் தொங்கிய கக்கூஸ் சாவி

பிரியமான சகோதர சகோதரிகளே, சிறுநீரைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்திருக்கேன். முகம் சுளிக்காமக் கேளுங்க.

நான் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் நிற்கிறவன். நிற்கிறவன் என்றால் நிற்கிறவன்தான். உட்கார இடம் கிடையாது. கக்கூஸ் உண்டு, பூட்டிக் கிடக்கும். சாவி கல்லாவில், முதலாளி கைக்குப் பக்கத்தில் தொங்கும். போய்க் கேட்டால், "இப்பதான போனீரு வே?" என்பார், வாங்க வந்தவர்கள் முன்னாலேயே. அந்தக் கேள்விக்குப் பயந்து கடையில் வேலை பார்க்கிற பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். நானும் விட்டேன்.

போன தீபாவளி வியாபாரத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல். சிறுநீரில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "கிருமி கிட்னிக்கு ஏறிட்டு. இனிமே அடக்குனீங்கன்னா கிட்னி மிஞ்சாது" என்றார் டாக்டர். என் தைரியம்தான் ஊரறிந்ததாச்சே! அன்றைக்கே என் மனைவி கிரேஸிடம், என் சவப்பெட்டியைத் தூக்கும்போது என்ன பாட்டுப் பாடணும் என்று சொல்லிவிட்டேன்.

"முதல்ல இட்லியைத் தின்னுங்க, பொறவு சாவலாம்" என்றாள்.

சிரிப்பு அதோடு நின்றது. டயாலிசிஸ் அறைக்கு வெளியே எங்கள் பிரிவு புஷ்பம் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் கடையில் நினைத்திருந்தோம். வருஷக்கணக்காய் அடக்கி அடக்கி, கிருமி ஏறி ஏறி, இரண்டு கிட்னியும் போயிற்று. "இதை எப்படித் தம்பி வெளிய சொல்லுவேன்?" என்றாள். முகம் வீங்கியிருந்தது.

படுக்கையில் கிடந்து அழுதேன். சாவி கேட்டுக்கொண்டே இருந்தால் வேலை போகும். கேட்காவிட்டால் நான் போவேன். "ஆண்டவரே, ஒரு வழி காட்டும்." வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை.

எங்கள் கடையில் ஷட்டரைத் தூக்கியதும் ஜெபம் உண்டு. தினம் ஒருவர் ஜெபிக்கணும். வியாபாரம் பெருகணும், முதலாளி குடும்பம் சுகமாயிருக்கணும், அவ்வளவுதான். நான் திரும்பிப் போன அன்று, "சுகமாகி வந்திருக்கீரு, நீரே ஜெபியும் வே" என்றார் முதலாளி. கண்ணை மூடினேன். காலையில் குடித்த தண்ணீர் முட்டியது. பயத்தில் இன்னும் முட்டியது. மனப்பாட ஜெபம் மறந்தே போச்சு. "ஆண்டவரே, அந்தக் கக்கூஸ் பூட்டைத் திறந்துவிடும். புஷ்பம் அக்காவுக்கு ஆனது வேற யாருக்கும் ஆக வேண்டாம்" என்று வாயில் வந்துவிட்டது.

பெண்கள் எல்லாரும் ஒரே சத்தமாய் "ஆமென்" என்றார்கள். கிறிஸ்மஸ் ஆராதனையில்கூட அப்படியொரு ஆமென் கேட்டதில்லை. யாரோ விம்மினார்கள். வேலை போச்சு என்று நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.

"புஷ்பத்துக்கு என்னவே?" முதலாளி குரல். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்டதில்லை. சொன்னேன். முதலாளியே சாவியை எடுத்துப் போய், பூட்டையே கழற்றிவந்தார். அந்த வாரமே பிரிவுக்குப் பிரிவு ஸ்டூலும் தண்ணீர் கேனும் வந்தன.

இப்போது உட்காருகிறேன், குடிக்கிறேன், போகிறேன். அற்பமாய்த் தெரியும், எனக்கு அது உயிர். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் புஷ்பம் அக்காவுக்கு அந்தப் பதில் பிந்திவிட்டது. இன்னும் டயாலிசிஸ் ஊசியோடுதான் கிடக்கிறாள். அவளுக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

வேலை பார்க்கிற இடத்தில் வெட்கப்பட்டு ஒளித்து வைத்திருக்கிற தேவையை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்க, முதலாளி காதிலும் விழட்டும். பிந்தாதீங்க.