காவற்கலமும் காவலர் சிறையும்

கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி ஒன்று இருக்கிறது. வில்லையில் பூஞ்சணம் பிடித்து, எதை வைத்தாலும் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். இலை மூச்சு விடும் நுண்துளையான இலைவாய் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார்கள். கண்ணால் கண்டவள் ஒருத்தியும் இல்லை. அதனால்தான், நுகேகொடையில் ஒரு கம்பனி பத்தாம் தர விஞ்ஞானத்தை வீடியோ பாடங்களாகச் செய்கிறது, தமிழுக்கு ஒரு டீச்சர் வேண்டும் என்று கேட்டதும் ஓம் என்றேன்.

படப்பிடிப்பு, அனிமேஷன் எல்லாம் ஒரே ஆள். சிங்களவர், முப்பது வயதிருக்கும். நான் மல்லி என்றுதான் கூப்பிடுவேன், சிங்களத்தில் தம்பி. ஹெவ்லொக் டவுனில் படிப்பிக்கிற என் சிநேகிதியிடம் கெஞ்சி ஒரு நல்ல நுணுக்குக்காட்டி இரவல் வாங்கினோம். ரியோ என்ற பூந்தோட்டச் செடியின் இலையில் ஊதா நிற அடிப்பக்கத்துத் தோலை உரித்து, ஒரு துளி நீரில் வைத்து, மல்லி கமராவைப் பொருத்தினார். திரையில் இலைவாய்கள் திறந்து கிடந்தன.

"வாய் மாதிரியே இருக்கு மிஸ்," என்றார் உடைந்த தமிழில்.

"வாய்தான்," என்றேன்.

உப்பு நீர் விட்டோம். வாயின் இரண்டு பக்கமும் உதடுபோல் இருக்கும் காவற்கலங்கள் நீரை இழந்து தளர, வாய் மெல்ல மூடியது. இத்தனை வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியதை நானே அன்றுதான் நடக்கக் கண்டேன்.

குரல் பதிவு வெள்ளவத்தையில், என் ஃபிளாட்டில். மின்விசிறியை நிற்பாட்டி, ஜன்னலைச் சாத்தி, கடற்கரை ரயில் போய் முடியும்வரை காத்திருந்து, வியர்க்க வியர்க்கப் பேசினேன். தமிழ் எழுத்துகள் மல்லியின் மென்பொருளில் சிதறின. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். தமிழ் வாசிக்கத் தெரியாத அந்த மனிதர் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் திருத்தினார். முழு விடுமுறையும் அதிலேயே போயிற்று.

பிறகு ஒரு நாள், முடிந்த பாடத்தைப் பார்க்கக் கம்பனி முகாமையாளர் கூப்பிட்டார். அவர் தமிழர், வெள்ளவத்தைக்காரர். திரையில் நாங்கள் எடுத்த இலை. ஆனால் குரல் என்னுடையதல்ல. இழுவையில்லாத, மூச்சில்லாத ஒரு கணினிக் குரல். எங்கள் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு என்றிருப்பதை அது ஒளிச்சேர்க்கை என்றது. காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடு ஆகியிருந்தது. அதையாவது இந்தியப் புத்தகத்தில் உள்ள சொல் என்று விடலாம். அடுத்ததாக அது, "காவலர் சிறைகள் நீரை இழக்கும்போது வாய் மூடுகிறது" என்றது.

"இது என்ன?" என்றேன்.

"ஸ்க்ரிப்டை இங்கிலிஷில இருந்து மெஷினால மாத்தினது மிஸ். உங்கட குரலில யாழ்ப்பாண வாடை கூட எண்டு மேல சொன்னவை. இது நியூட்ரலா இருக்கு."

"கார்ட் செல் எண்டால் காவற்கலம். அந்த செல் எப்பிடி ஐயா சிறையாகும்?"

"படத்தைப் பாத்தா பிள்ளையளுக்கு விளங்கும்தானே."

"சிங்களப் பாடத்துக்கும் இதே மெஷின்தானோ?"

அவர் பேனாவை மூடித் திறந்தார். "இல்லை. அதுக்கு ஒரு டீச்சரே கதைச்சவ."

"உங்கட பிள்ளையள் எந்த மீடியம்?"

"அது வேற கதை மிஸ். இன்டர்நஷனல் ஸ்கூல்."

அன்று நான் கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும். திருத்தங்களை எழுதிக் கொடுத்தேன். திருத்துவோம் என்றார். நம்பி வந்தேன்.

அறிமுக விழாவை எங்கள் பாடசாலை மண்டபத்திலேயே வைத்தார்கள். குத்துவிளக்கு, பூங்கொத்து, மேடையில் பெரிய மனிதர்கள். முதலில் சிங்களப் பாடம், அழகாகப் போனது. பிறகு தமிழ். ஆலோசகர் என்று என் பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. ஒரு சொல்கூடத் திருத்தியிருக்கவில்லை. காவலர் சிறைகள் என்றதும் பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்தப் பிள்ளைகள் அதை எழுதியதுதான் என்னை எழுப்பியது. எழும்பி நின்று, ஒலிவாங்கி இல்லாமலே, முதலில் தமிழில் சொன்னேன்: "பிள்ளையள், அதை வெட்டுங்கோ. அது பிழை." பிறகு மேடையைப் பார்த்துச் சிங்களத்தில், இந்தப் பாடம் பிழை, என் பெயரை எடுங்கள், சிங்களப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அதிபர் என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக்கூடாதா என்பது தெரிந்தது. பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம்.

கம்பனி தமிழ்ப் பாடங்களை மட்டும் 'தற்காலிகமாக' நிறுத்தியது. சிங்களப் பாடங்கள் ஓடுகின்றன. ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் என் முகத்துக்கு நேரே சொன்னார், "பிழையோ சரியோ ஏதோ ஒண்டு இருந்தது. இப்ப உங்களால அதுவும் இல்லை."

அந்தச் சொல் இன்னும் எரிகிறது. பிழையானதைத் தந்தவன்மேல் வராத கோபம், பிழை என்று சொன்னவள்மேல் வருகிறது. தமிழுக்கு இவ்வளவு போதும் என்று அவர்கள் நினைத்ததைவிட, எங்களுக்கும் அப்படியே பழகிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் மல்லி வீட்டுக்கு வந்தார். கம்பனியை விட்டுவிட்டாராம். என் குரலோடு இருந்த பழைய பாடத்தை ஒரு பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதை வகுப்பில் போட்டேன். வாய் மூடும்போது ஒருத்தி, "திருப்பிப் போடுங்கோ மிஸ்," என்றாள். போட்டேன். மற்றப் பாடசாலைகள் கேட்டால் அனுப்புகிறேன். உரிமை தங்களுடையது என்று கம்பனி மின்னஞ்சல் எழுதியிருக்கிறது. நான் பதில் போடவில்லை. நேற்றும் இரண்டு பேருக்கு அனுப்பினேன்.