தந்தி அடித்த ரிப்போர்ட்

என் தம்பி பெண்டாட்டிக்கு ஸ்கேன் சென்டரில் வைத்த பெயர் தந்தி. டாக்டர் சொல்லி வாய் மூடுவதற்குள் ரிப்போர்ட்டை அடித்து முடித்திருப்பாள். பேச்சும் அப்படித்தான், எதிரில் இருப்பவர் ‘ம்’ கொட்டக்கூட இடம் கிடைக்காது. பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். பதினொரு வருஷம் மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, ஊரார் வயிற்றுப் பிள்ளைகளின் தலைச் சுற்றளவையும் தொடை எலும்பு நீளத்தையும் தட்டினாள். கல்யாணமாகி ஏழு வருஷம் அவளுக்கு மட்டும் ஒன்றும் தங்கவில்லை. அதைக் குத்திக் காட்டியவர்களில் நானும் ஒருத்தி. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எட்டாவது வருஷம் தங்கியது. ஐந்தாம் மாத ஸ்கேனில் தலையில் இடி விழுந்தது. பிள்ளையின் நெஞ்சுக்குள், இதயத்தை ஒட்டி ஒரு கட்டி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேரப் பயணம். நானும் கூடப் போனேன்.

“பிறக்கவே இல்ல, அதுக்குள்ள கட்டியா? யார் பண்ண பாவம் இது?” என்று கேட்டேன்.

“யாரும் ஒண்ணும் பண்ணலம்மா. லட்சத்துல ஒண்ணுக்கு இப்படி வரும்” என்றார் அங்கிருந்த டாக்டரம்மா.

லட்சத்தில் ஒன்றாம். எங்கள் குடும்பத்துக்கு ஒரு குலுக்கலில்கூட டம்ளர் விழுந்ததில்லை.

டாக்டரம்மா தந்தியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். “கட்டி இப்படியே இருந்தா, பிறந்ததும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். பெருசாகி இதயத்தை அழுத்துனா, சுத்தி நீர் கோர்க்கும். அது தெரிஞ்ச அன்னைக்கே இங்க வந்துடணும். வயித்துல வச்சே ஊசியால நீரை எடுத்துப் பாக்கலாம். தள்ளிப் போட்டா எங்க கையில ஒண்ணும் இல்ல. வாராவாரம் உங்க சென்டர்லயே ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் அனுப்புங்க.”

அனுப்பினாள். அவளுக்கு அவளே டைப்பிஸ்ட். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. தொடர்ந்து வருபவர்களுக்கு ரிப்போர்ட்டைப் புதிதாக அடிக்க மாட்டார்கள். போன வாரத்து ரிப்போர்ட்டைத் திறந்து, தேதியையும் அளவுகளையும் மாற்றுவார்கள். மாறாத வரிகள் அப்படியே இருக்கும். ‘இதயத்தைச் சுற்றி நீர் இல்லை’ என்ற வரி மூன்று வாரம் அப்படித்தான் இருந்தது.

நான்காம் வாரமும் அப்படியே போனது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. தம்பி நிம்மதியாக லாரியை எடுத்துக்கொண்டு போனான். ஐந்தாம் நாள் காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“அண்ணி, நேத்துல இருந்து அசையவே இல்ல.”

அள்ளிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பெண் குழந்தை. உடம்பெல்லாம் நீர் கோர்த்து, முகம் மட்டும் என் தம்பியை உரித்து வைத்திருந்தது. துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கனமே இல்லை.

கோப்பைப் புரட்டிய டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். இவ்வளவு நீர் ஐந்து நாளில் சேருமா என்று ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டார். அங்கே மிஷினில் அந்த வாரத்துப் படம் இருந்தது. படத்தில் நீர் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஊர் திரும்பிய மறுநாள் சென்டருக்குப் போய், காத்திருந்த கர்ப்பிணிகள் முன்னாலேயே டாக்டரைப் பிடித்துக்கொண்டேன். “கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு?”

மனுஷன் எதிர்த்துப் பேசவில்லை. “நீர் லேசா தெரியுது, உடனே அனுப்புன்னு அவகிட்ட வாயால சொன்னேன். வெளியில இருபது பேர் உக்காந்திருந்தாங்க. சாயங்காலம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

வீட்டுக்கு வந்து தந்தியிடம் சொன்னேன். “அந்தாளே ஒத்துக்கிட்டான். புகார் கொடுக்கலாம்னு தம்பி சொல்றான். நீ உன்னையே போட்டு வதைச்சுக்காத. அவசரத்துல ஒரு வரி மாத்தாம விட்டுப்போச்சு. யாருக்கும் வர்ற மறதிதானே.”

சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தவள் திரும்பவில்லை. அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

“மறக்கல அண்ணி. எல்லா நம்பரையும் மாத்திட்டு அந்த வரிக்கு வந்தேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். என் கையால எம்பிள்ளைக்கு அதை அடிக்க மனசு வரல. இன்னும் ஒரு வாரம் அது நல்லாயிருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

வாசலில் தம்பி யாரிடமோ புகார் எழுதுவது பற்றிப் போனில் விசாரித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.