சேவலின் நல்ல கால்

ஒரு சேவலின் நல்ல காலுக்கு இருபத்திரண்டு நாள் வைத்தியம் பார்த்தவன் நான். லுங்கிச் சாரத்தில் கிழித்து அந்தக் காலில் சுற்றிய நீலத் துணி இன்னும் என் மேசை இழுப்பறையில், புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இரண்டில் எது எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது என்று யோசிக்காமலிருப்பது நல்லது.

சேவல் என்னுடையதன்று. அண்ணனுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது, பிழைத்து வந்தால் சுடலைமாடனுக்குச் சேவல் தருவதாக மதினி நேர்ந்துகொண்டாள். அண்ணன் பிழைத்தான். அவர்கள் இருப்பது பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடி. ஆழ்வார்குறிச்சியில் எனக்குப் புறவாசல் உண்டு. அந்த ஒரே தகுதியில், கோயில் கொடைத் திருவிழா வரை அதை வளர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நேர்ந்த சேவலுக்கு ஊனம் கூடாது. கொடைக்கு ஒன்றரை மாதம் இருக்கையில் அது நொண்டத் தொடங்கியது.

எந்தக் காலை அழுத்தி ஊன்றுகிறதோ அதில்தான் வலி என்று முடிவு செய்தேன். அது வலது கால். மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டக் கட்ட நொண்டல் கூடியது. கடைசியில், மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கம்பவுண்டர் அண்ணாச்சியிடம் போனேன். சேவலைக் கொண்டுபோகத் தோன்றவில்லை. “எப்படி வே நொண்டுது?” என்றார். தெரு பார்க்க நொண்டிக் காட்டினேன்.

“நோவுத காலை எவனாவது அழுத்தி ஊணுவானா? பயந்து பயந்து வைக்கிற கால்லலா வே நோவு!”

வீட்டுக்கு வந்து இடது பாதத்தைத் திருப்பினார். அடியில் வீங்கி, நடுவே கறுப்பாக ஒரு பொருக்கு. பிறகு சேவலை விட்டுவிட்டு என் புறவாசலைப் பார்த்தார். சுத்தமாக இருக்கட்டுமென்று சிமெண்ட் பூசியிருந்தேன்; அதில்தான் சேவல் தினமும் விடியலில் மதிலிலிருந்து குதித்தது. “நோவு தரையில இருக்கு வே. நீரு காலைக் கட்டிக்கிட்டிருக்கீரு.”

வைக்கோல் பரப்பச் சொன்னார். தினமும் சைக்கிளில் வந்து, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து மருந்து தடவினார். “ஏலே, பைய, பைய” என்பார். அந்தக் குரலில் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் படவில்லை.

“சரியாயிட்டா அனுப்பிருவீருல்லா?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நொண்டினால் பிழைக்கும், குணமானால் அறுபடும். அண்ணன் உயிருக்கு ஈடாகப் பேசிய சேவல். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எதையும் வேண்டாமல் வைக்கோலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

கொடைக்கு முதல்நாள் மதினி கூடையோடு வந்தாள். சேவல் நடந்தது. நேராக நடப்பது போலிருந்தது. அடுத்த அடியில் இல்லாதது போலிருந்தது. இருபத்திரண்டு நாள் ஏமாந்த கண்ணை எப்படி நம்புவது? “இன்னும் நொண்டுது மதினி” என்றேன். அது போதாதென்று நானே நொண்டி நடந்தும் காட்டினேன். அண்ணாச்சி மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதினி வெறுங்கூடையோடு திரும்பினாள். மாடனுக்கு வேறொரு சேவல் போயிற்று. அதற்காக நொண்ட யாருமில்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை. சேவல் இருக்கிறது, வைக்கோலில் நின்று கூவி என்னை எழுப்புகிறது. நீலத் துணி கண்ணில் படும்போதெல்லாம், அன்று பொய் சொன்னேனா என்று குழம்புவேன். போன வாரம் மதினியிடமே கேட்டுவிட்டேன்.

“சேவல் நேராத்தான் நடந்துச்சு, கொழுந்தனாரே. நீங்கதான் போகையில வலது கால்லயும், வரையில இடது கால்லயும் நொண்டினீங்க.”